பிளக் இருக்கும் பக்கம்

மார்ச் 4

கண் விழித்தபோது மாஸ்க் முகத்தில் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்து சீறிக்கொண்டிருந்தது. எப்போது கழற்றி எறிந்தேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் எனக்குக் காற்று தள்ளுகிற மெஷினுக்குத் தெரியும். ஒரு மணி நாற்பது நிமிடம்தான் போட்டிருந்தேன் என்று எழுதி வைத்துவிட்டது. உள்ளே ஒரு சிம் கார்டு வேறு; விடிவதற்குள் கிளினிக்குக்குப் போட்டுக் கொடுத்துவிடும். மாமியார் இல்லாத குறை தீர்ந்தது.

படுக்கையறையில் பிளக் ஒன்றே ஒன்று, இவர் படுக்கிற பக்கத்தில். மாறிப் படுங்கள் என்றால், “கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தப் பக்கம்தான். மாத்தினா எனக்குத் தூக்கம் வராது” என்கிறார். ஒயர் இழுத்தால் காலில் தடுக்குகிறது. ஆகவே மெஷின் அவர் தலைமாட்டில். குழாய் அவர் நெஞ்சின் மேல் ஏறி இறங்கி என் மூக்குக்கு வருகிறது.

மார்ச் 6

டிப்போவில் என்னைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவள், இப்போது குடைகளுக்குக் காவல். குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்பு ஒன்று. ஒற்றைச் செருப்போடு ஒருவர் எப்படி வீட்டுக்குப் போயிருப்பார்?

சிக்னலில் கண் அசந்தேன். பஸ் தானாக உருண்டு முன்னால் நின்ற காரை முட்டியது. யாருக்கும் அடி இல்லை. அதன் பிறகுதான் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். நான் பாட்டுக்கு உயிரோடு இருந்திருக்கிறேன்!

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். “ஏப்ரல் மூணு வரைக்கும் மெஷின் ரிப்போர்ட் வரட்டும். முக்கால்வாசி ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறையாம இருந்தா ஸ்டீயரிங் உங்களுக்கு. இல்லன்னா இதே ரூம்தான்.”

இந்த அறையில் ஜன்னல் கிடையாது.

மார்ச் 10

பெரிய ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற தூக்க கிளினிக்குக்குப் போனேன். டெக்னீஷியன் என் வயதுதான் இருப்பாள். சிரிப்பதில்லை, ஆனால் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறாள். காற்று கசிகிறதே என்று நான் பட்டையை இறுக்கு இறுக்கு என்று இறுக்கியிருந்தேன். “இறுக்கினா ரப்பர் மடங்கி இன்னும் கசியும். படுத்துக்கிட்டு, மெஷினை ஓட விட்டு, அப்புறம் சரி பண்ணுங்க.” இதை முதலிலேயே சொன்னால் என்னவாம்? மூக்குத் தண்டு புண்ணாகிவிட்டது.

மெஷினில் இருக்கிற சின்ன மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டால் மூச்சு மூச்சாகப் பார்க்கலாம் என்று காட்டினாள். மூச்சு நிற்பதில் இரண்டு வகையாம். “ஒண்ணு, தொண்டை மூடிக்கும். நீங்க இழுப்பீங்க, காத்து போகாது. அதுக்குத்தான் இந்த மெஷின். இன்னொண்ணு, தொண்டை தொறந்துதான் இருக்கும். ஆனா இழுன்னு சொல்ற உத்தரவு மூளையிலேர்ந்து வராது.”

“அது மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

“மூச்சு நின்னதும் காத்தை மெல்லத் தட்டிப் பாக்கும். கதவைத் தட்டற மாதிரி.”

எனக்கு எல்லாமே மூடிய வகை. பிடிவாதக்காரியின் தொண்டை வேறு எப்படி இருக்கும்?

மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப் போன பழைய லேப்டாப் இருக்கிறது. அதில் போட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவளுக்கு ஒரு கோடு படிக்க வராதா?

மார்ச் 13

மூன்று மணி பத்து நிமிடம். நேற்று இரண்டு. போதும், எனக்கு மூச்சு முட்டுகிறது.

மார்ச் 14

சாப்பிடும்போது அழுதுவிட்டேன். நான் அழுகிற ஆள் இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கிறது, கழற்றினால் வேலை போகிறது, நான் என்னதான் செய்வது என்று கத்தினேன்.

இவர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஏதோ பட்டன் தைத்துத் தருகிறேன் என்பதுபோல் சொன்னார். “நான் மாட்டிக்கறேன். நீ நிம்மதியாத் தூங்கு. மெஷினுக்கு மூஞ்சியா தெரியும்?”

“திருட்டுத்தனம் இல்லையாங்க?”

“யார் வீட்டுக் காத்து? நம்ம வீட்டுக் காத்துதானே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 15

ஏழு மணி நேரம். மெஷின் திரையில் பச்சை டிக். இந்த வீட்டில் நல்ல பிள்ளை அவர்தான்.

மார்ச் 19

ஐந்து ராத்திரியாக அவர்தான். மாஸ்க் போட்ட கையோடு தூங்கிப் போகிறார். பகலெல்லாம் முன்னறையில் மெஷின் மிதிக்கிற தையல்காரருக்கு ராத்திரியும் ஒரு மெஷின்.

ஆனால் கார்டைப் போட்டுப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. மணிநேரம் நன்றாக இருக்கிறது, மூச்சு நிற்பது கூடியிருக்கிறது. அதுவும் திறந்த வகை. வரைபடத்தில் மூச்சு மெல்லப் பெரிதாகிறது, மெல்லச் சிறிதாகிறது, நிற்கிறது. மறுபடி பெரிதாகிறது. பாவாடைக்கு அவர் பிடிக்கிற சுருக்கம் மாதிரி ஒரே சீராக, பக்கம் பக்கமாக.

மாஸ்க் கசிவுதான் காரணம். அவர் மீசை மேல் ரப்பர் உட்காரவில்லை. கணக்கு தப்பாக வருகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 21

மீசையை எடுத்துவிட்டார்! நான் சும்மா சொன்னேன், மனிதர் கண்ணாடி முன்னால் போய் நின்று எடுத்தே விட்டார். கல்யாண போட்டோவில் இருந்தே இருக்கிற மீசை. “உன் பஸ்ஸை விடவா?” என்கிறார். மேலுதடு வெளிறி, யாரோ மாதிரி இருக்கிறார். துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, “அண்ணன் இல்லையா?” என்று அவரிடமே கேட்டாளாம். ராத்திரி நினைத்து நினைத்துச் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இளைப்பு வந்து எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 22

கசிவு இல்லை. சுத்தமாக இல்லை. சுருக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 24

டெக்னீஷியன் டிப்போவுக்கே போன் செய்தாள். “போன வாரத்திலேர்ந்து உங்க மூச்சு வேற மாதிரி இருக்கு. படி ஏறினா இளைக்குதா? கால் வீங்குதா? தலையணை ஒசரமா வெச்சாத்தான் படுக்க முடியுதா? இது தொண்டை சம்பந்தப்பட்டதா எனக்குத் தோணல. இதயத்தைப் பாக்கணும், தள்ளிப் போடாதீங்க.”

இல்லை, இல்லை, இல்லை என்றேன். மூன்றுக்கும் இல்லை. எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கணுக்காலில் எலாஸ்டிக் பள்ளமாகப் பதிந்திருந்தது. கட்டிலில் இரண்டு தலையணை. ஒன்று என்னுடையது. எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன், என் தலையணையை எடுக்காதீங்க என்று. படி ஏறும்போது திருப்பத்தில் நின்று வெளியே வேடிக்கை பார்ப்பாரே — வேடிக்கையா அது?

மார்ச் 25

சொல்லிவிட்டேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் தைச்சிருக்கேன்” என்றார். எனக்குக் கோபம் வந்தது.

நாளைக்கே ஆஸ்பத்திரி என்றேன். “அங்க போனா எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பாங்க. எல்லாம் வெளிய வரும். உன் கெடு மூணாம் தேதி முடியட்டும். நாலாம் தேதி காலைல நானே செருப்பு மாட்டிக்கிட்டு வரேன். இத்தனை வருஷம் ஓடினது பத்து நாள் ஓடாதா?”

நான் சரி என்றேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறை கண்ணில் வந்தது. சரி என்றேன்.

மார்ச் 26

மாஸ்க்கை நானே போட்டேன். அவர் தொடக் கூடாது என்றேன். இப்போது மட்டும் ரோஷம்.

மார்ச் 28

முடியவில்லை. கடையில் இருந்து துணிக்கட்டோடு படி ஏறி வந்தவர் திருப்பத்தில் நின்றார். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கட்டை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். வாயைத் திறந்து காற்றை விழுங்கினார். வீட்டுக்குள் வரும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

ஆட்டோ பிடித்தேன். போகிற வழியில் டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். “அந்த வாரத்து ராத்திரி எதுவும் என்னோடது இல்ல. என் வீட்டுக்காரரோடது. இப்ப அங்கதான் வந்துகிட்டிருக்கோம்” என்றேன். “மூணு படி தாண்டி லிஃப்ட் இருக்கு. நடக்க விடாதீங்க. சேர் அனுப்பறேன்” என்றாள்.

இவர் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “அவசரக்காரி. பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டியே” என்றார்.

மார்ச் 30

இதயம் தளர்ந்துவிட்டது. கால்வாசி பலத்தில்தான் ரத்தத்தைத் தள்ளுகிறதாம். வருடக்கணக்காக இப்படித்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, அளந்து தண்ணீர். அவருக்கு இந்த மெஷின் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

“மூணு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?” என்று கேட்டேன். “அதனால ஒண்ணும் ஆகலம்மா” என்றார், பேனாவைப் பார்த்துக்கொண்டே.

ஏப்ரல் 3

நடந்ததையெல்லாம் நானே போய்ச் சொன்னேன். மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “உங்களைப் போய் நம்பினேனே” என்றார். புதிதாகக் கணக்கு ஆரம்பம். குடைகளிடம் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 14

மாஸ்க் இப்போது பழகிவிட்டது. ஆனால் அந்தக் காற்றுச் சத்தத்தில் அவர் மூச்சு எனக்குக் கேட்பதில்லை. நடுராத்திரி விழிக்கிறேன், கழற்றுகிறேன், காதைக் கொடுக்கிறேன். பெரிதாகிறது, சிறிதாகிறது, நிற்கிறது. நிற்கும்போது நானும் நிறுத்திக்கொள்கிறேன். வந்த பிறகு மறுபடி மாட்டத் தோன்றுவதில்லை. இன்னொரு தடவை நிற்கும் வரை கேட்கலாமே என்று கேட்டுக் கேட்டே விடிகிறது.

ஏப்ரல் 21

“தெனம் ஒரே நேரத்துல கழட்டறீங்க. மூக்குல புண்ணா?” என்றாள் டெக்னீஷியன்.

சொன்னேன். முதல் தடவையாக அவள் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “நீங்க தூங்காமக் கிடந்தா அவருக்கு என்ன லாபம்? நீங்க விழுந்தா யாரு பாக்கறது? மாஸ்க்கைக் கழட்டாதீங்க. அவர் மார்பு மேல கையை வெச்சுக்கிட்டுப் படுங்க. ஏறி இறங்கறது கைக்குத் தெரியும்.”

ஏப்ரல் 22

குழாய்க்குக் கீழே என் கை. “சோதனை போடறியா?” என்றார். ஆமாம் என்றேன். மாஸ்க்குக்குள் இருந்து பேசினால் யானை பேசுகிற மாதிரி இருக்கிறதாம்.

ஆறு மணி நேரம்.

ஏப்ரல் 30

கை வைத்தால் தூக்கம் வருகிறது. தினம் ஆறு, ஆறரை. காலையில் தலை கனக்கவில்லை, குளித்துவிட்டு வரும்போது எனக்கே தெரியாமல் பாடியிருக்கிறேன். மீசை பாதி வளர்ந்துவிட்டது. சீக்கிரம் பஸ்ஸை வாங்கு, முன் சீட்டில் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை ஓசியில் வருகிறேன் என்கிறார். அவர் என் பஸ்ஸில் ஏறியதே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட.

மே 8

கை அவர் மேல்தான் இருந்தது. நான் தூங்கிவிட்டிருந்தேன்.

மே 26

மகள் லீவு முடிந்து நேற்று கிளம்பினாள். கூட வா என்றாள், வரவில்லை என்றேன். அவள் போன பிறகு கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். போடக் கூடாது என்று தெரிந்தேதான் போட்டேன்.

அந்த ராத்திரி எனக்கு ஏழரை மணி நேரம். கசிவு இல்லை. மூச்சு நின்றது மணிக்கு ஒரு தடவை கூட இல்லை. மெஷின் வந்த நாளில் இருந்து அவ்வளவு நல்ல ராத்திரி எனக்கு வந்ததில்லை. முதலில் இருந்து கடைசி வரை தேடினேன். எங்காவது ஓர் இடத்திலாவது என் மூச்சு தடுக்கியிருக்காதா? கைக்குத் தெரிந்திருக்காதா? அவர் எந்த நேரத்தில் போனார் என்பது அதில் எங்கேயும் இல்லை. ஒரே கோடு, சீராக, அழகாக. பாவி, நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

ஜூன் 16

ஸ்டீயரிங் கொடுத்துவிட்டார்கள். “ரிப்போர்ட் பிரமாதம். ஒரு ராத்திரி கூட இடைவெளி இல்லையே” என்றார் மேனேஜர். இல்லைதான். கழற்றுவதற்குக் காரணம் இல்லை.

முதல் டிரிப்பில் முன் சீட்டில் என் பையை வைத்தேன். ஒருவர் வந்து, “இங்க யாராவது வராங்களா?” என்று கேட்டார். இல்லை, உட்காருங்க என்று பையை எடுத்துக்கொண்டேன்.

கடைசி ஸ்டாப் வரை கண் அசரவில்லை.

மகள் போனில் எங்கே படுக்கிறாய் என்று கேட்டாள். அப்பா படுத்த பக்கத்தில்தான் என்றேன். பிளக் அங்கேதானே இருக்கிறது. குழாயை இழுக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே எட்டுகிறது. மீதிக் குழாயைச் சுருட்டித் தரையில் விட்டிருக்கிறேன்.