குரங்கு சிரிக்கவில்லை

நான் படம் வரையும் டேப்லெட்டின் ஓரத்தில் ஒரு மங்குஸ்தான் கறை இருக்கிறது. இன்று காலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், போகவில்லை. உன் கட்டைவிரல் தடம் அது. வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

அப்போது குற்றாலத்தில் சீசன். அருவிக்குப் போகும் வழியில் நீ பழக்கடை போட்டிருந்தாய். நான் இலஞ்சி வீட்டிலிருந்தபடி ஒரு குழந்தைகள் தொடருக்கு அனிமேஷன் செய்துகொண்டிருந்தேன். என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் காட்சி: தொலைந்த குட்டி கிடைத்ததும் தாய்க்குரங்கு சந்தோஷப்பட வேண்டும். இன்னும் இரண்டு நாளில் அனுப்பியாக வேண்டும். சொதப்பினால் அந்தப் பாத்திரம் வேறொருவனுக்குப் போய்விடும். முடித்துவிட்ட திமிரில் உன்னிடம் காட்ட வந்தேன்.

பழம் உரித்த கையோடு டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாய்.

“ஏலே, இது எதுக்கு இப்படிப் பயந்து கெடக்கு?”

“பயமா? சிரிக்குதுலே. பல்லு தெரியுதுல்லா?”

“பல்லு தெரிஞ்சா சிரிப்பா? அங்கன பாரு.”

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடுவன் குரங்கு வந்து உட்கார்ந்தது. அங்கிருந்த சின்னப் பெண்குரங்கு உதட்டை இழுத்து, பல்லெல்லாம் தெரிய, பின்னுக்கு நகர்ந்தது. நான் மூன்று வாரம் செதுக்கிய அதே முகம். குளித்துவிட்டு வந்த ஒருவர், “சிரிக்குது பாரு” என்று கையை நீட்டினார்.

“அண்ணாச்சி, கைய எடுங்க. அது பயந்திருக்கு, கடிச்சிரும்” என்றாய்.

எனக்கு எரிச்சல். “அப்ப சந்தோஷத்தை எப்படித்தாம்லே காட்டும்?”

“ஒனக்கு எதுக்குக் காட்டணும்? குட்டிக்குத்தான காட்டும். ஒதட்டச் சப்புக் கொட்டும், பேன் பாக்கும். மூஞ்சிய மட்டும் பாத்தா ஒண்ணும் வெளங்காது. எதிர்ல யாரு நிக்கான்னு பாரு.”

நான் இதற்கென்றே படித்தவன். உனக்கு அந்த மென்பொருளின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் பழம் திருட வரும் எந்தக் குரங்கையும் விரட்டுமுன் ஒரு நொடி பார்ப்பாய். அந்த ஒரு நொடி என் படிப்பில் இல்லை.

மறுநாள் உன் கடையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். “சிரிப்பு எங்கே?” என்றார் இயக்குநர். “பயந்த குரங்குதான் சார் பல்லைக் காட்டும்” என்றேன். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

உன்னிடம் சொன்னபோது, “என் பேரப் போடுவானா?” என்றாய்.

“மாட்டான்.”

“பொறவு எதுக்குலே இம்புட்டு இளிக்க? பயமா?”

போன வருஷம், நான் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு, மஞ்சள்காமாலை முற்றி நீ தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் நுழைந்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “ஒண்ணுமில்லலே, நீ ஊருக்குக் கெளம்பு” என்றாய். உன் பார்வை என் மேல் இல்லை. என் பின்னால் உன் அம்மா நின்றிருந்தார். அவரைக் காபி குடித்து வரச்சொல்லி அனுப்பினேன். கதவு சாத்தியதும் உன் வாய் மூடிக்கொண்டது. அன்று திரும்பிப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். சாயங்காலம் வரை என் கையை விடாமல் பிடித்திருந்தாய். நீ தேறி வீடு திரும்பிய பிறகுதான் நான் கிளம்பினேன்.

இப்போது யானையோ பூனையோ, எதை வரைந்தாலும் முகத்தைக் கடைசியாகத்தான் வரைகிறேன். எதிரே நிற்பது யார் என்று தெரியும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அவசரப்படுத்துகிறவர்களைக் காத்திருக்கச் சொல்கிறேன். நானும் காத்திருக்கிறேன்.