பழுப்புக் குஞ்சுகள்

மார்ச் 6
நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். மார்பில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்கினால் தையல் இழுக்கிறது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கண்ணாடித் தொட்டியருகேதான் போனேன். நீல இறால்கள் செடிகளுக்கு நடுவே பாசியில் மேய்ந்துகொண்டிருந்தன. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுகூடச் சாகல” என்றார் என் வீட்டுக்காரர். ஐந்து வருடமாக ஒரே வம்சத்தை வளர்க்கிறேன். மனுஷனுக்கு அதில் துளி அக்கறை இருந்ததில்லை. எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 15
கட்டியின் பரிசோதனை ரிப்போர்ட்டை அவரே போய் வாங்கி வந்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சத்து மாத்திரை மட்டும் போடணுமாம்.” தங்கை போனில், “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுக்கா” என்றாள்.

மார்ச் 28
வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். இத்தனை வருடம் நின்றுகொண்டே மூக்குக்கண்ணாடி விற்றவளுக்கு முதலாளி நாற்காலி போட்டுக் கொடுத்தார். தொட்டியில் நாலு இறால்கள் வயிற்றடியில் முட்டையோடு திரிகின்றன.

மே 2
குஞ்சுகள் நிறம் பிடித்துவிட்டன. பாதிக்குப் பாதி பழுப்பு, ஊறிய தேயிலை மாதிரி. என் தொட்டியில் இப்படி ஒன்றுகூட வந்ததில்லை. வேறு வம்சம் கலந்தால்தான் இப்படி ஆகும். பார்வைக்கு இரண்டும் ஒரே நீலமாக இருக்கலாம், பிள்ளைகளிடம் தெரிந்துவிடும். யார் கலந்தது? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

மே 3
கேட்டேன். தண்ணீர் சரியில்லை என்று முதலில் மழுப்பினார். விடவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கரப்பானுக்கு மருந்து அடித்திருக்கிறார். மறுநாள் முக்கால்வாசி இறால்கள் செத்துக் கிடந்தனவாம். அவரும் தங்கையும் கடைகடையாக அலைந்து அதே நீலத்தில் வாங்கி விட்டிருக்கிறார்கள்.
“நீ இருந்த நிலைமையில எப்படிச் சொல்றது?”
செத்தது போகட்டும். அன்றைக்குத் தொட்டி முன்னால் நின்று அவற்றைக் கொஞ்சினேனே, பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? பொம்மை உடைஞ்சா வேற பொம்மை வாங்கி வைக்கிற மாதிரி... நான் என்ன குழந்தையா?

மே 4
கடையில் ஒருவருடைய கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை காதில் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரிப்போர்ட் வாங்கி வந்த அன்றைக்கும் அதே வார்த்தை, அதே குரல்.
சத்து மாத்திரை ஏன் அட்டையோடு வருவதில்லை? ஏன் அவரே பிரித்து டப்பாவில் போட்டுத் தருகிறார்?

மே 5
டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். “இது என்ன மாத்திரை?”
டப்பாவை ஓரமாக நகர்த்தினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, “புத்துநோய்தான்” என்றார். “மாத்திரையிலயே கட்டுப்படும்னு நினைச்சேன். நீ பயந்துடுவேன்னு...”
“பயந்தது நானா, நீங்களா?”
தங்கைக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும், நாற்காலி அதற்குத்தான். ஊருக்கே தெரியும், உடம்புக்காரிக்கு மட்டும் தெரியாது. அந்த மாத்திரையை என் கையாலேயே எடுத்து என் வாயில் போட்டு விழுங்கியிருக்கிறேன்.

மே 6
தங்கை போன் செய்துகொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை.

மே 9
டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போனேன். எனக்கு இப்போதுதான் தெரியும் என்றதும் டாக்டர் திகைத்துப்போனார். “உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னாரேம்மா உங்க வீட்டுக்காரர். ரேடியேஷனுக்கு நாள் குறிக்கக் கூப்பிட்டோம். நீங்க யோசிக்கிறதா சொன்னாரு.”
நான் யோசிக்கிறேனாம்!
“இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர்” என்றேன். பஸ் நிறுத்தம் வரை தாங்கினேன். அங்கே உட்கார்ந்து அழுதேன். நோயை நினைத்தா, அவரை நினைத்தா, தெரியவில்லை.

மே 30
ரேடியேஷன் தொடங்கிவிட்டது. அவர் கூட வருகிறார். வெளியில் உட்காருகிறார். டாக்டர் அறைக்குள் நான் மட்டும்தான் போகிறேன். வீட்டில் அவர் எது சொன்னாலும் எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். கதவைப் பூட்டியாச்சு என்றால்கூட. அவர் தடுப்பதில்லை.

ஜூலை 20
ரேடியேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் அசதி. காலையில் அவர் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து என் அறை வாசற்படியிலேயே நின்றார்.
“ரெண்டு செத்துக் கிடக்கு. நேத்து நான்தான் தண்ணி மாத்தினேன். அதனாலயான்னு தெரியல.”
“சரி, எடுத்துப் போட்டுடுங்க.”
எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.