தம்பி நீட்டிய சாயா

ரஜப் பிறை ஒன்பது, திங்கள்.

நஃப்ஸை, என் மன இச்சையை, அடக்கத் திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடித்து வருகிறேன். நான்கு வருடமாகப் பேசாத தம்பி காசிம் இன்று சாலைக் கடைத்தெருவில் வழிமறித்து, தன் கடைக்குள் அழைத்துப் போய், தன் கையாலேயே சாயா நீட்டினான்.

“குடிங்க காக்கா. பிணக்கம் இதோட தீந்துது, கேட்டோ?”

அழைத்தவர் மனம் நோகாதிருக்க இந்த நோன்பை முறிக்கலாம். பள்ளிவாசலில் ஊருக்கெல்லாம் நானே சொன்ன சட்டம்தான். ஆனால் கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.

“நோன்பு” என்றேன், ஆறு பேருக்கும் கேட்கும்படி.

“மாஷா அல்லாஹ்” என்றார்கள். காசிம் சாயாவைத் தெருவில் கொட்டினான்.

“காக்கா பெரிய மகான், அவுலியா ஆயாச்சு. தம்பி எதுக்கு?”

இனி அவன் அழைக்கமாட்டான். வியாழனன்று அடுத்த நோன்பு. அது யார் காதுக்கெல்லாம் எட்டும் என்று நஃப்ஸ் இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டது.