தாத்தாவுக்குக் கிடைத்த விலக்கு

அன்பு மகள் மிசுஹோவுக்கு அப்பா எழுதுவது.

உடம்பு என்ற அளவில் இங்கே தாத்தாவும் நானும் சுகம், அவருடைய ரத்த அழுத்தம் என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது. மெல்போர்ன் குளிரில் நீயும் சுகமாகவே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழைக்காலம் பிடித்துவிட்டது, துவைத்தது எதுவும் காய்வதில்லை. போன கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய், புது மாத்திரையில் தாத்தாவுக்கு ஞாபகம் கொஞ்சமாவது தேறியிருக்கிறதா, ஆகஸ்டில் ஓபோன் முன்னோர் திதிக்கு லீவு போட்டு வந்தால் உன்னைத் தெரிந்துகொள்வாரா என்று. பதில் சொல்கிறேன், ஆனால் மாத்திரையிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. டாக்டர் அவரிடம் உப்பு, சிகரெட், தூக்கம், காது எல்லாவற்றையும் விசாரித்தார். போன வாரம் உங்களை யாராவது திட்டினார்களா, நீங்கள் யாரையாவது திட்டினீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோய் எந்த வாசல் வழியாக வந்தது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உனக்கு நினைவிருக்கும், நம் தெருமுனையில் குப்பை போடும் இடத்துக்கு முறைவாசல் உண்டு, வாரம் ஒரு வீடு. பெயருக்குத்தான் அது. முறைப்பலகை யார் கதவில் தொங்கினாலும் விடிகாலையில் குப்பைப் பைகளைக் காக்கை கொத்தாமல் மேலே வலை விரிக்க நிற்பவர் தாத்தா. பாட்டிலை எரிக்கிற குப்பையில் கலந்தவன் எவனாயிருந்தாலும் பையை அவன் வாசலிலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார். ஒரு வீட்டுப் பை தொடர்ந்து வராமல் போனால் போய் அந்த வீட்டு மணியை அடிப்பார். நான்கு வீடு தள்ளியிருக்கும் நெஸு, அந்தப் பழைய தபால்காரர், அவரும் அதே நேரத்துக்கு வந்துவிடுவார், சண்டைக்கு. "யோவ் கஜிதானி, உன் வலைக்குள்ள காக்கா குடித்தனம் நடத்துது, வாடகை வாங்குறியா" என்பார். "நீ தபால் போட்ட லட்சணத்துக்கு காக்கா எவ்வளவோ மேல், அது சரியான வீட்டுக்காவது வருது" என்பார் தாத்தா. பாட்டி செத்த மறுவாரம்கூட இது நின்றதில்லை.

மூன்று வருடம் முன்பு நம் தெருச் சங்கத்தின் ஏப்ரல் கூட்டத்தில் தலைவி ஹஷிஸுமே அம்மாள் எழுந்து, "எண்பது தாண்டின பெரியவங்கள இன்னமும் நாம கஷ்டப்படுத்தறது நல்லாவா இருக்கு" என்று கேட்டாராம். எல்லோரும் கைதட்டினார்கள், தாத்தாவும் தட்டியிருக்கிறார். வேறென்ன செய்வார், மரியாதையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் சொல் கிடையாது. அதோடு வலையை இளையவர்கள் வாங்கிக்கொண்டார்கள், முறைப்பலகை நம் வீட்டைத் தாண்டிப் போனது, நெஸு வீட்டையும் தாண்டிப் போனது. இரண்டு பேரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. நான்கு வீட்டுத் தூரம்தான். ஆனால் காரணம் இல்லாமல் இன்னொருத்தர் கதவைத் தட்ட இங்கே ஆண்களுக்குத் தெரியாது. அத்தனை வருடச் சண்டையில் ஒருவர் வீட்டு நடையை மற்றவர் மிதித்ததில்லை. அடுத்த குளிர்காலம் தாத்தா பேருந்து நிலையத்தில் செருப்பில்லாமல் நின்றார், நான் நகோயா வேலையை விட்டுவிட்டு வந்தேன். உன் சித்தப்பா கெய்ஜி ஒசாகாவிலிருந்து போனில், "அண்ணே, உனக்குத்தான் அங்க யாரும் இல்லையே" என்றான். அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை, நீயும் அவன் மகனுடைய கல்யாணப் படங்களுக்கெல்லாம் இதயம் போடுவதைக் குறைத்துக்கொள்.

நோய் வந்த வாசல் இதுதான் என்று புரிந்ததும் ஒரு சாக்குக்கு இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு தாத்தாவை நெஸு வீட்டுக்கு அழைத்துப் போனேன். மருமகள் விருந்தறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். கிழவர்கள் இருவரும் முழங்கால் மடக்கி எதிரெதிரே உட்கார்ந்து, "மழை அதிகம்தாங்க", "ஆமாங்க, அதிகம்தாங்க" என்றார்கள். வலை இல்லாமல் எப்படித் திட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நெஸு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது செய்வேன் என்பதுபோல. திரும்பும் வழியில், "யார்ப்பா அந்தப் பெரிய மனுஷர், நல்ல பதவிசு" என்று தாத்தா கேட்டார்.

இந்த ஏப்ரல் கூட்டத்தில் நானே எழுந்து, வலையை அந்த இரண்டு பேரிடமே திரும்பக் கொடுங்கள், கூட நான் நிற்கிறேன் என்று கேட்டேன். படித்தவன் பேசுவதுபோலத்தான் பேசினேன், தனியாக விடப்படும் மூளை எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு ஆராய்ச்சியெல்லாம் சொன்னேன். ஹஷிஸுமே அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "கஜிதானி வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிறார், இதையும் அவர் தலையில் கட்டுவது பாவம்" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இன்னும் அந்த அம்மாளுக்கு என் பெயர் தெரியாது. மே மாதம் குப்பை போட மூடிபோட்ட கம்பிப்பெட்டி ஒன்று தெருமுனையில் வந்து இறங்கியது. இனி காக்கை வராது, வலை வேண்டாம், யாருக்குமே முறைவாசல் இல்லை. இளவட்டங்களுக்கு மகா சந்தோஷம், ஒரு முகத்தையும் பார்க்காமல் குப்பையைப் போட்டுவிட்டு ஓடலாம்.

போன வெள்ளிக்கிழமை நான் பல் துலக்கும் நேரத்தில் தாத்தா நழுவிவிட்டார். போய்ப் பார்த்தால் பெட்டியைத் திறந்து பைகளை வெளியே அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஹஷிஸுமே அம்மாள் எதிரே நிற்கிறார், தாத்தா கையில் அந்த அம்மாளுடைய பை. "டீச்சர் வேலை பார்த்தவங்கதானே, கண்ணாடி எரியுமா எரியாதா, பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தீங்க" என்று அதட்டுகிறார். மிசுஹோ, அது பழைய குரல். முதுகு நிமிர்ந்திருந்தது. நான் பக்கத்தில் போகாமல் நின்றேன், அந்த அம்மாள் ஒரு வார்த்தை திருப்பித் திட்டினால் போதும் என்று. அவர் ஆழக் குனிந்து, "மன்னிக்கணும், நாங்க பாத்துக்கறோம், நீங்க போய் நிம்மதியா ஓய்வெடுங்க" என்றார். தாத்தா பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மறுநாள் பெட்டிக்கு எண்பூட்டு போட்டுவிட்டார்கள். ஹஷிஸுமே அம்மாள் ஒரு முலாம்பழத்தோடு வந்து, எண்ணை எனக்குச் சொல்லிவிட்டு, பெரியவருக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சொன்னாலும் அவருக்கு நினைவில் நிற்காது. அது அந்த அம்மாளுக்கும் தெரியும்.

மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. உன்னைத் தெரியுமா என்றால், தெரியாது. வாசலுக்கு வந்து, மழையில் வந்தீர்களே என்று உபசரித்துக் குனிந்து வணங்குவார், அத்தனை மரியாதையாக. அதைத் தாங்கிக்கொள்ள முடியுமானால் டிக்கெட் போடு, முடியாவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். என் விஷயத்தையும் யோசித்துப் பார்க்கிறேன், இந்தத் தெருவில் உரிமையோடு என்னைத் திட்ட ஒருத்தரும் இல்லை.

காது டாக்டரிடம் காட்டச் சொல்லி அங்கே உனக்குக் கொடுத்த சீட்டைத் தொலைத்திருப்பாய், புதிதாக வாங்கிப் போய்க் காட்டிவிடு, நம் குடும்பத்துக் காது நாற்பதிலேயே மந்தமாகும். நீ ஒரு நாள் வராமல் போனால் கோபித்துக்கொண்டு உன் கதவை இடிக்கிற ஆள் ஒருவராவது உனக்கு அமையட்டும். வேறு ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கஜிதானி நொரிஹிகோ