முக்காலிக்கு வலப்பக்கம்

விக்கிரம வருஷம், தைப்பூசத்தன்று இரவு.

விராலிமலைத் தேரைப் படம் பிடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவ மனம் வரவில்லை. பெட்டியிலேயே கிடக்கிறது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ்தான். தேரும் தலைகீழாகத்தான் வந்தது. பிறகு பிளேட்டைச் செருகி லென்ஸ் மூடியைக் கழற்றினேன். கூட்டமே "அரோகரா" என்று கையெடுத்தபோது என் கையில் அந்த மூடி இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து நான் சாமி கும்பிட்டதில்லை. கேமரா நிற்கும் முக்காலிக்கு வலப்பக்கம் நின்று என் மனைவி தங்கம்தான் எனக்கும் சேர்த்துக் கும்பிடுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் பூசம்.

மூடியை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்: "எனக்கும் சேர்த்துக் கும்பிட்டியா?"

திரும்பினால் இடுப்பில் பிள்ளையோடு யாரோ ஒரு பெண். மிரண்டுபோய் நின்றாள்.

"மன்னிச்சுக்கம்மா. வீட்டுக்காரின்னு நெனச்சுட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. "அவுக அங்கிட்டுக் கூட்டத்துல நிக்கிறாகளா?" என்று எட்டிப் பார்த்தாள்.

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப ஒங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டிருப்பாக. கவலப்படாதீங்க."

பிளேட்டைக் கழுவினால் அந்தக் கூட்டம் முழுவதும் எழும்பி வரும். கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு முகமாகத் தங்கத்தைத் தேடுவேன். என்னைத் தெரியாதா எனக்கு.