கடைசிப் பாகம் உன் பையில்

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் ஒருவர் கோணியை விரித்துப் பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் நானும் பொன்னேரியில்தான் ஏறுகிறேன். வண்டி வர நேரமிருந்தது. கை சும்மா இருக்குமா? ஒரு மாத நாவலை எடுத்துப் புரட்டினேன். நாம் எப்போதும் பின்னாலிருந்துதானே புரட்டுவோம், வாசகர் கருத்துப் பக்கத்திலிருந்து. அதற்கு முந்தின மாதம் வந்த கதையைப் பற்றி ஊர் ஊராக எழுதியிருந்தார்கள். இரண்டு வரி படிப்பதற்குள் தெரிந்துவிட்டது. அது நம் கதை. காலேஜ் லேபில் ஒரு பெண் செத்துக் கிடந்தாளே, அந்தக் கதை. ஒரு சனிக்கிழமை காலை நீ எங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய முடிவை, முகம் தெரியாத ஒரு கரூர்க்காரர் ஒரே வரியில் போட்டு உடைத்திருந்தார்.

இத்தனை வருஷமாக அதைத் தெரிந்துகொள்ளாமலே காப்பாற்றி வைத்திருந்தேனடி. பாவி மனுஷன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் மூக்கில் ஏறும் இரும்பு உருக்கும் நெடிதான். அதற்குப் பிறகுதான் முகங்கள். அமுதாக்காவும் ஜோதியும் அத்திப்பட்டிலேயே ஏறி லேடீஸ் பெட்டியில் இடம் போட்டிருப்பார்கள். மீஞ்சூரில் நான். பொன்னேரியில் நீ, பக்கத்து ஆரணியிலிருந்து வரும் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்து, வண்டி நகர நகர ஏறுவாய். ஒரு கையில் நாஷ்டா டப்பா, தலையில் இன்னும் ஈரம் சொட்டும். நீயும் நானும் டியூப் லைட்டுக்குச் சோக் செய்யும் கம்பெனியில் செம்புக்கம்பி சுற்றினோம். அவர்கள் இருவரும் பக்கத்துக் கம்பெனியில் போல்ட் பொட்டலம் கட்டினார்கள். மாதம் ஒரு நாவல், அதற்கு நாலு பேர். யார் முதலில் படிப்பது என்று தினம் சண்டை.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவள் நீ. ஒருநாள் பிளேடு எடுத்து வந்து, புத்தகத்தின் முதுகில் வைத்து நாலு துண்டாகக் கிழித்தாய். அமுதாக்கா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடிப்பாவி, சரஸ்வதிடி அது!"

"சரஸ்வதி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாக்கா. அவளும் நாலு கைய வெச்சுக்கினுதான் இருக்கா" என்றாய்.

பெட்டியே சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். முதல் மூன்று துண்டும் கைக்குக் கை சுற்றும். யாருக்கு எது கிடைக்கிறதோ அதைப் படிக்க வேண்டியதுதான். மூன்றாவது துண்டு முதலில் கிடைத்த ஜோதி தலையில் அடித்துக்கொள்வாள். "எவன் செத்தான்னே தெரியல, எவனோ அழுவுறான்டி." ஆனால் நாலாவது துண்டை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது உன் பையில் இருக்கும். சனிக்கிழமை காலை வண்டியில் நீ உரக்க வாசிப்பாய், நாங்கள் கேட்போம். வெள்ளிக்கிழமை ராத்திரியே நீ அதை வீட்டில் படித்துவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் அப்படி வாசிக்க முடியுமா? நான் காட்டிக்கொடுத்ததில்லை.

அப்படித்தான் அந்தக் காலேஜ் கொலையும் நம் கைக்கு வந்தது. லேபில் ஒரு மாணவி செத்துக் கிடக்கிறாள். காலேஜில் எல்லாருடைய மனசையும் தோண்டித் துருவி விசாரிக்க ஒரு மனநல ஆலோசகர் வருகிறார். ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் ஒரு குப்பை மேடு. நம் நாலு பேரில் ஒருத்திகூட ஒரு காலேஜ் வாசலை மிதித்தவள் இல்லை. "காலேஜ்ல மணி அடிப்பாங்களா, நம்ம கம்பெனி மாதிரி சங்கு ஊதுவாங்களா?" என்று ஜோதி கேட்டாள். ஆனாலும் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருந்தோம்.

"வாச்மேன்தான். ராத்திரி பூரா முழிச்சுக்கினு இருக்கறவன் வேற இன்னா பண்ணுவான்?" இது அமுதாக்கா.

"பிரின்சிபால்தான்க்கா. பேசும்போதெல்லாம் கண்ணாடிய தொடைச்சுக்கினே இருக்கான் பாரு." இது ஜோதி.

நான் செத்தவளைக் காதலித்தவன் பக்கம் கை காட்டினேன். எந்தக் கதையிலும் என் கை அங்கேதான் போகும். நீ மட்டும் ஆள் சொல்லவில்லை. "அந்தச் செத்த பொண்ணு" என்று யாராவது தொடங்கினால் போதும், "சுகந்தி. அவ பேரு சுகந்தி" என்று குறுக்கே விழுவாய். ஒருநாள் உனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவ அந்த நேரத்துல லேபுக்கு எதுக்குப் போனா, எவனப் பாக்கப் போனான்னு கேக்குறீங்க. இன்னா படிச்சுக்கினு இருந்தா, இன்னா ஆவணும்னு இருந்தான்னு எவளாச்சும் கேட்டீங்களா? கெமிஸ்ட்ரி, ரெண்டாவது வருசம். ஒரே ஒரு வரி போட்டுக்கிறான் அந்த ஆளு. அத்தோட சரி."

"தே, கதைல வர்ற பொண்ணுக்கு இம்மாம் பேஜாரு பண்றியே!" என்றார் அமுதாக்கா.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கெமிஸ்ட்ரிக்கு நேரே என்ன போட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். உன் நைனா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் படிச்சுக்கிற" என்று சொல்லி, அடுத்த வாரமே கம்பெனியில் சேர்த்துவிட்டதும் தெரியும். அன்று இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாய்: "முடிவுல சுகந்தி பேரு வருதான்னு பாக்கப் போறேன். வரலேன்னு வெச்சுக்கோ, வாசகர் கருத்துக்கு எழுதிப் போடுவேன். உடமாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. பொன்னேரியில் நீ இறங்கினாய். பையைத் தட்டிக் காட்டி, "நாளைக்கு" என்று கையாட்டினாய். என் வண்டி மீஞ்சூருக்கு நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. எல்லாரும் செய்கிற மாதிரி நீயும் லைனைக் குறுக்கே தாண்டியிருக்கிறாய். எக்ஸ்பிரஸ் வந்திருக்கிறது.

மறுநாள் காலை பொன்னேரியில் நீ ஏறவில்லை. பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மாள்தான் சொன்னாள், நேற்று லைனில் ஆரணிப் பெண் ஒருத்தி அடிபட்டுவிட்டாள் என்று. சோக் கம்பெனியில் வேலை என்றும் சொன்னாள். அமுதாக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயையோ, கடைசிப் பாகம் அவகிட்ட இல்ல இருக்கு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. அப்புறம் கும்மிடிப்பூண்டி வரை வாய்விட்டு அழுதார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தை என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமைக்குள் அழுகை வடிந்துவிட்டது. அதே சீட்டில், அதே வாய்கள். "லவ் மேட்டராத்தான் இருக்கும்." "ஊட்டுல மாப்ள பாத்துக்கினு இருந்தாங்களாம், அதான்." "அதெல்லாம் இல்லடி, புக்கு படிச்சுக்கினே தாண்டிக்கும்." வாச்மேனா பிரின்சிபாலா என்று பேசிய அதே குரலில் உன்னைப் பேசினார்கள். மூன்றே நாளில் நீ "அந்தப் பொண்ணு" ஆகிவிட்டாய். நான் கத்தினேன். "போதும், வாயை மூடுங்கடி!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஜோதி என்னையே ஒரு மாதிரி பார்த்தாள், எனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல.

ஆரணியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா என்னை மூலைக்கு அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்கிட்ட ஏதாச்சும் சொல்லிக்கிறாளா? எவனாச்சும் இருந்தானா? மறைக்காத சொல்லும்மா." பெற்றவளும் அதையேதான் கேட்டாள். கெமிஸ்ட்ரி படிக்க ஆசைப்பட்டாள் என்றேன். அதைக் கேட்டு அவர் என் கையை விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு பதில்.

நீ வழுக்கி விழுந்தாயா, வேண்டுமென்று நின்றாயா, எனக்குத் தெரியாது. தெரியாது என்கிற இந்தப் பாரத்தைச் சுமந்துவிடலாம் போலிருக்கிறது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஜோதி அந்த நாவலை இன்னொன்று வாங்கி வந்து, "யாருன்னு சொல்லட்டா?" என்றாள். சொன்னால் அறைவேன் என்றேன். அதோடு பெட்டி மாறிக்கொண்டேன். பிறகு நான் எந்த நாவலும் வாங்கவில்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். விசாரிக்க வந்த அந்த மனநல ஆலோசகர்தான் கொன்றவராம். கொன்றது அவருக்கே மறந்துவிட்டதாம். "ஊகிக்கவே முடியவில்லை, சபாஷ்!" என்று கரூர்க்காரர் எழுதியிருக்கிறார். பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகத் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் மார்தட்டுகிறார். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு நல்ல பாடம் என்று சீர்காழியில் ஒரு பெண்ணே எழுதியிருக்கிறாள். பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். "அந்த மாணவி" இருக்கிறாள், "கொலையுண்ட பெண்" இருக்கிறாள், சுகந்தி இல்லை. கதையின் முடிவில் அவள் பேர் வந்ததா என்று நீ பார்த்திருப்பாய். அன்று ராத்திரி வீடு போய்ச் சேர்ந்திருந்தால் பார்த்திருப்பாய். எப்படியானாலும் இந்தப் பக்கத்தில் உன் கருத்து ஒன்று இருந்திருக்கும். அந்த இடத்தில் ஊறுகாய் விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

புத்தகத்தை வாங்கவில்லை. வைத்துவிட்டு வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் இரண்டு பெண்கள், தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வண்டி நகரும்போது ஒருத்தி ஜன்னல் வழியே கை காட்டினாள்.

"இங்கதான்டி முன்ன ஒரு பொண்ணு அடிபட்டுச்சாம். லவ் ஃபெயிலியராம்."

நான் உன் பேரைச் சொன்னேன். உரக்கவே சொன்னேன்.

"யாருக்கா அது?" என்றாள்.

"அந்தப் பொண்ணுதான். அவ பேரு அது. கெமிஸ்ட்ரி படிக்கணும்னு இருந்தா."

"ஓ" என்றாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டாள். கவரப்பேட்டை வருவதற்குள் மறந்திருப்பாள். எனக்குத் தெரியாதா?

உனக்கு எழுதுகிற கடிதத்தில் உன் பேர் எதற்கு, அது உனக்குத் தெரியும். மற்றவர்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. நாளைக்கும் அதே வண்டிதான். யாராவது அந்த இடத்தைக் காட்டினால் நாளைக்கும் சொல்வேன்.