உள்ளூர்க்காரனுக்கு அறை இல்லை

மூலக்குளம்,
9.9.2007

அன்பு மகன் ராஜவேலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதச் சொல்லி உன் அம்மா எதிரே கட்டிலில் படுத்திருக்கிறாள், எழுதிவிட்டேன். கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது, கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால் இனி உண்மையை எழுதுகிறேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம் வைத்தியம் நடக்கிறது என்று சொன்னோமே, அது ஆகஸ்ட் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, இனிமேல் ஊசி போட்டு உடம்பைப் படுத்த வேண்டாம், வீட்டில் வைத்துக்கொண்டு கேட்டதைக் கொடுங்கள் என்றார். தீபாவளி தாண்டுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், என் தோளில் கை வைத்தார். இதைப் போனில் சொல்லலாம் என்றால் போன் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது, வெளியே பூத்தில் போய்ப் பேச எனக்கு வாய் வராது. அவளுக்கும் எல்லாம் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும், நாங்கள் இருவரும் அதைத் தவிர ஊரில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம்.

நீ ஓட்டல் பார்க்கச் சொன்ன விஷயம். டிசம்பர் 27 முதல் நாலு நாள் பாண்டிச்சேரியில் தங்கப் போகிறோம், பெரிய கம்பெனி நடத்துகிற ஓட்டல் வேண்டாம், டவுன் நடுவில் தனியாள் நடத்துகிற சின்ன ஓட்டலாகப் பாருங்கள், பழைய வீடு மாதிரி இருந்தால் மருமகளுக்குப் பிடிக்கும் என்று சொன்னாய். பழைய வீடுதான் வேண்டுமென்றால் நம் வீட்டுக்கும் முப்பது வயசு ஆகிறது என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. போன தடவை மருமகள் இங்கே கொசுக்கடியில் காய்ச்சல் வந்து கிடந்ததும், கழிப்பறை ஒன்றே ஒன்று என்பதும் எனக்கு மறக்கவில்லை. உன்மேல் குறை இல்லை. ஆனால் நம் வாசலிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் போகிற இடத்தில் என் பிள்ளைக்கு நானே ஓட்டல் தேடுவேன் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லை. இப்போது என்ன அவசரம், நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு உன் அம்மா, "நவம்பர்ல நீங்க பாப்பீங்க, நான் எப்ப பாக்கறது, எம் புள்ள எங்க தங்கப்போறான்னு எனக்குத் தெரிய வாணாமா" என்று கேட்டாள். அதற்கு மேல் வீட்டில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை, மறுநாளே கிளம்பிவிட்டேன்.

முதலில் பார்த்தது நேரு வீதிக்குப் பின்னால் இருப்பது. மாடியில்தான் அறை, படி செங்குத்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறான். இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் படித்தவன் நான், எங்கே போனாலும் கண் முதலில் மெயின் போர்டுக்குத்தான் போகும், குழந்தையோடு அங்கே தங்காதே. இரண்டாவது பெரிய வாய்க்கால் ஓரம். பால்கனி, வளைவு, பூந்தொட்டி எல்லாம் சினிமாவில் வருகிற மாதிரி இருக்கிறது, மேல்காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அழகை ரசிக்க வேண்டும். மூன்றாவதுதான் சரி. சுய்ப்ரேன் வீதியை ஒட்டி ஒரு மஞ்சள் வீடு, நடுவில் முற்றம், ஏழே அறை, கீழேயே மூன்று இருக்கிறது. அந்த வீட்டின் மீட்டர் கதவுக்குப் பின்னால் இருக்கும், நான் எத்தனையோ தடவை உள்ளே போய்க் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்காரரின் மகள் நிர்மலாதேவி என்கிற அம்மாள் தானே மேஜையில் உட்கார்ந்து நடத்துகிறாள். என்னை அடையாளம் தெரியவில்லை, மீட்டர்காரன் முகத்தை யார் பார்க்கிறார்கள்.

உன் பெயரை டிசம்பருக்கு எழுதிக்கொண்டாள். அதன் பிறகு, இந்த வாரத்தில் ஒரு பகல் மட்டும் அதே அறை வேண்டும், என் மனைவி பார்க்க ஆசைப்படுகிறாள் என்று கேட்டேன். விலாசம் கேட்டாள், மூலக்குளம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார், பாண்டிச்சேரி அட்ரஸ் இருந்தா ரூம் தர்றதில்ல. உள்ளூர் ஆளுங்க பகல்ல ரூம் கேட்டு வந்தாலே குடிக்கத்தான் வராங்க, இல்லன்னா வேற வம்பு" என்றாள். நான் பிறந்தது இந்த ஊர், இந்த ஊருக்கு வெளிச்சம் போட்ட இலாகாவில் வேலை பார்த்தவன். பிரான்சில் லியோனிலிருந்து வருகிற உனக்கு அறை உண்டு, உன்னைப் பெற்றவனுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், "இந்த வயசுல உங்கள சந்தேகப்படறதுக்கும் ஒருத்தி இருக்காளே" என்று. அவள் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று, அதற்காகவே அந்த அம்மாளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

வழி கண்டுபிடித்தவன் உன் மாமா கன்னியப்பன். அவன் வீடு கோரிமேட்டைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் நூறு அடி தூரம்தான். அவனுக்கு மளிகை, பெட்ரோல், பிராந்தி, சினிமா எல்லாம் நம் பக்கம்தான், ஆனால் வாக்காளர் அட்டையில் விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கிறது. அவன் போய் அட்டையை நீட்டி, வெளியூரிலிருந்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்திருக்கிறோம், ஒரு பகல் படுக்க வேண்டும் என்று சொன்னதும் அறை கிடைத்துவிட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கக் கூடாது என்று நான் தொப்பி போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன். கழுதைக்கு வயசான காலத்தில் கள்ளத்தனம் வேறு.

போன செவ்வாய்க்கிழமை போனோம். நீ வாங்கிக் கொடுத்த அரக்குக் கலர் புடவையை எடுத்துக் கட்டிவிடச் சொன்னாள், இடுப்பில் நிற்கவில்லை, இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி ஊக்கு குத்தினேன். ஓட்டல் வாசலில் மூன்று படி, நானும் மாமாவும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம், கனமே இல்லை ராஜவேலு, ஒரு ஆளே தூக்கியிருக்கலாம். உள்ளே போனதும் அவள் ஓட்டலைப் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கட்டிலுக்குத்தான் போக வேண்டும் என்றாள். படுத்துக்கொண்டு தலையணையைத் தடவி, "அவன் எந்தப் பக்கம் படுப்பான்" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். சின்ன வயசில் சுவர் பக்கம்தான் படுப்பான் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்தாள். அந்த நேரம் பார்த்து நிர்மலாதேவி தண்ணீர் கொண்டுவந்தாள். மாமா வாசலில் நின்று, பேசாதே என்று கண்ணைக் காட்டுகிறான், உன் அம்மா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. "எம் புள்ள டிசம்பர்ல இங்கதாம்மா தங்கப்போறான், வீடு மூலக்குளந்தான், அவன் வர்றப்ப நான் இருக்கமாட்டேன், அதான் அவன் படுக்கற எடத்துல செத்த நேரம் படுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இருக்கமாட்டேன் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் முன்பின் தெரியாத ஒருத்தியிடம்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். உன் அம்மா இரண்டரை மணி நேரம் தூங்கினாள். வீட்டில் மாத்திரை போட்டும் அரை மணி சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எழுந்ததும் பழைய அஞ்சலாட்சியாகிவிட்டாள். தலையணை கல் மாதிரி இருக்கிறது, வேறு கேட்க வேண்டும், குழந்தை உருண்டு விழாமல் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போடச் சொல்ல வேண்டும், குளியலறைத் தரை வழுக்குகிறது, மருமகளிடம் சொல்லி வையுங்கள் என்று வரிசையாகக் குறை சொன்னாள். எல்லாவற்றையும் நிர்மலாதேவியிடம் சொல்லிவிட்டேன், தலையணையை அப்போதே மாற்றிக் காட்டினாள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் என்னைத் தனியாக நிறுத்தி, "டிசம்பர் கடைசி வாரம் எடமே இருக்காதுங்க, ஆனா இப்போதிலிருந்து மழை விடற வரைக்கும் காலியாத்தான் கெடக்கும். உங்க புள்ளய எந்தத் தேதிக்கு வந்தாலும் வரச் சொல்லுங்க, அந்த ரூம நான் தரேன்" என்றாள். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். ராஜவேலு, டிசம்பர் வேண்டாம், இப்போது வா. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்றால் நீ மட்டும் வா, நம் வீடு சரிப்படாது என்றால் ஓட்டலிலேயே தங்கு, நான் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறேன். உனக்கு லீவு எடுத்தது எடுத்ததுதான், டிக்கெட்டை மாற்ற முடியாது, ஆகஸ்டில் கூடுதலாக லீவு கேட்டதற்கே ஆபீசில் சண்டை போட்டார்கள் என்றாய், எல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் போய்ச் சேரவே பத்து நாள் ஆகும். நம்பிக்கை வைத்து எழுதவில்லை. எழுதாமல் இருந்துவிட்டால் பிறகு நீ என்னைக் கேட்பாய், அதற்காக எழுதுகிறேன். நீ வராமல் போனாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது, வந்தாலும் யாரிடம் காட்டுவேன்.

மருமகளுக்கு எங்கள் ஆசி, குழந்தைக்கு முத்தம், மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், வெறும் தலையோடு வெளியே போகாதே. போனில் பேசும்போது இதெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஓட்டல் நல்லா இருக்காமே என்று மட்டும் அவளிடம் சொல், சந்தோஷப்படுவாள். உனக்கு எழுதச் சொல்லி ஆட்டோவில் திரும்பும்போது அவள் சொன்னது ஒன்று பாக்கி, மறக்காமல் எழுதினீர்களா என்று இதோ இப்போதும் கேட்கிறாள். "டிசம்பர்ல வந்து எறங்கினதும் நேரா வீட்டுக்கு ஓடியாரப்போறான். மொதல்ல ஓட்டலுக்குப் போயி வயிறார சாப்ட்டுட்டு அப்பறம் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. இங்க வந்து பசிக்குதும்மான்னு நின்னா யாரு இருக்கா சோறு போட" என்றாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல நினைத்தேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியபெருமாள்